உறங்கிக் கிடந்த ஆணைத்தொடர்

இரும்பு துருப்பிடிக்கிறது, மரத்தைச் செல் அரிக்கிறது, பேருந்தின் டயர் ஓட ஓடத் தேய்கிறது. கணிப்பொறிக்குள் இருக்கும் ஆணைத்தொடருக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. ஆயிரம் முறை ஓடினாலும் ஆயிரத்தோராவது முறையும் அது அப்படியே ஓடும். அப்படியானால், பழைய மென்பொருளை விலக்க வங்கிகளும் பங்குச் சந்தை நிறுவனங்களும் ஏன் பெரும்பாடு படுகின்றன? மென்பொருள் மாறாமல் நிற்க, அதைச் சுற்றியிருப்பவை எல்லாம் மாறிவிடுகின்றன என்பதே விடை. எழுதியவர் ஓய்வு பெற்றுப் போகிறார். அது ஓடிய இயந்திரத்தின் உற்பத்தி நின்றுவிடுகிறது. சட்டங்களும் வரிகளும் மாறுகின்றன. பழையதைக் காப்பாற்றுவதற்கான செலவு மட்டும் ஆண்டுதோறும் பட்டியலில் ஏறிக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கதை 1960-களில் தொடங்குகிறது. 1959-ல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 1401 என்ற கணிப்பொறி பத்தாயிரத்துக்கும் மேல் உற்பத்தியாயிற்று. வணிக நிறுவனங்கள் தங்கள் கணக்குகளுக்கான ஆணைத்தொடர்களை அதற்கென்றே எழுதிக் குவித்தன. 1964 ஏப்ரல் 7-ம் நாள் அதே நிறுவனம் 'சிஸ்டம் 360' என்ற புதிய குடும்பத்தை அறிவித்தது. இதன் உள்ளமைப்பே வேறு. பழைய ஆணைத்தொடர்களை என்ன செய்வது? போட்டியாளரான ஹனிவெல் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. 1401-க்கு எழுதியதைத் தன் இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றித் தரும் 'லிபரேட்டர்' என்ற மென்பொருளுடன் 1963 டிசம்பரிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. ஆகவே ஐ.பி.எம்., 360-ன் சிறிய மாதிரி ஒன்றை 1401 போலவே நடிக்கவும் வல்லதாகச் செய்தது. பழைய ஆணைத்தொடர் தான் புதிய இயந்திரத்தில் ஓடுவதை அறியாமலே ஓடியது!

வாடிக்கையாளர்களுக்கு அது பெரிய வசதிதான். ஆனால் பழையதைத் தூக்கிப் போடாமலே முன்னேறலாம் என்ற பழக்கம் அங்கேதான் வேரூன்றியது என்பது என் கருத்து. 1959-ல் வடிவம் பெறத் தொடங்கிய கோபால் மொழியில் எழுதப்பட்டவை இன்றும் பல வங்கிகளில் ஓடுகின்றன.

ஓடுகிற மென்பொருளுக்குச் செலவு உண்டு. ஓடாமல் கிடப்பதற்கு என்ன செலவு என்று கேட்கலாம். 2012 ஆகஸ்ட் 1-ம் நாள் அமெரிக்காவின் 'நைட் கேபிடல்' நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள்.

வாடிக்கையாளர்களின் பங்கு ஆணைகளைச் சந்தைக்கு அனுப்புவது அந்நிறுவனத்தின் தொழில். அதன் மென்பொருளுக்குள் 'பவர் பெக்' என்றொரு பகுதி இருந்தது. ஒரு பெரிய ஆணையைச் சிறு சிறு ஆணைகளாக்கிச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது அதன் வேலை. எத்தனை பங்குகள் நிறைவேறின என்று எண்ணிவரும் மற்றொரு பகுதி, கணக்கு முடிந்ததும் 'போதும்' என்று சொல்லும். மாடித் தொட்டியை நிரப்பும் மோட்டாரையும், தொட்டி நிரம்பியதும் அதை நிறுத்தும் மிதவையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2003-ல் பவர் பெக்கின் பயன்பாடு நின்றது. ஆனால் அதை அழிக்கவில்லை. 2005-ல் எண்ணும் பகுதியை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பவர் பெக்கை யாரும் பயன்படுத்தவில்லையே, அதை எதற்குச் சோதிப்பது? மிதவை அறுந்தது, மோட்டார் மட்டும் அப்படியே இருந்தது.

2012-ல் நியூயார்க் பங்குச் சந்தையின் புதிய திட்டம் ஒன்றுக்காகப் புதிய ஆணைத்தொடர் எழுதினார்கள். பவர் பெக் இருந்த இடத்தில் அதை வைப்பதாகத் திட்டம். பவர் பெக்கை இயக்கி வந்த அதே அடையாளக் குறியையே புதியதற்கும் கொடுத்தார்கள். மொத்தம் 8 கணிப்பொறிகளில் 7-ல் புதியது ஏறியது, ஒன்று விட்டுப்போயிற்று. சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை.

காலை 9.30-க்குச் சந்தை திறந்தது. புதிய குறியுடன் வந்த ஆணைகளைக் கண்டதும் எட்டாவது கணிப்பொறியில் ஒன்பது ஆண்டுகள் உறங்கிய பவர் பெக் விழித்துக்கொண்டது. நிறுத்தச் சொல்ல ஆளில்லை. வாங்கியது, விற்றது, மீண்டும் வாங்கியது. பதறிய பொறியாளர்கள், கோளாறு புதியதில்தான் என்று கருதி, சரியாக இருந்த 7 கணிப்பொறிகளிலிருந்தும் அதை நீக்கினார்கள். விளைவு, அங்கும் பவர் பெக் எழுந்தது. வாடிக்கையாளர்களின் 212 ஆணைகளுக்காக 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பேரங்கள், கைமாறியவை 39.7 கோடிப் பங்குகள். நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். நிமிடத்துக்கு ஒரு கோடி டாலர்! சந்தை திறப்பதற்கு முன்பே 'பவர் பெக்' என்ற பெயரைச் சொல்லும் 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன என்பது பின்னர் விசாரணையில் தெரிந்தது. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, யாரும் கவனிக்கவில்லை. 2013-ல் நைட் கேபிடல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்தது. அதே ஆண்டு 1.2 கோடி டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது.

அப்படியானால் பழையதை ஒரே மூச்சில் களைந்துவிடலாமா? பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி அதைத்தான் முயன்றது. லாயிட்ஸ் குழுமத்திலிருந்து பிரிந்த பின்னும் அது லாயிட்ஸின் கணிப்பொறி அமைப்பிலேயே கட்டணம் கொடுத்து ஓடி வந்தது. 2015-ல் அதை வாங்கிய ஸ்பெயினின் சபடெல் வங்கி, தன் சொந்த அமைப்புக்கு மாற்றினால் அந்தச் செலவு மிச்சம் என்று கணக்கிட்டது. 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகள் இடம் மாறின. தரவுகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அவற்றைத் தாங்கவேண்டிய புதிய அமைப்பு தடுமாறியது. இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நடந்திருந்தது என்பது பின்னர் வெளியானது. ஏறக்குறைய 19 லட்சம் பேர் தங்கள் கணக்கை இணையத்தில் திறக்க முடியாமல் தவித்தார்கள். சம்பளமும் வாடகைப் பணமும் கண்ணுக்குத் தெரியாமல் போனால் எப்படி இருக்கும்! நிலைமை முழுதும் சீராக டிசம்பர் ஆயிற்று. இழப்பீடாகக் கொடுத்தது 3.27 கோடி பவுண்டு. 2022-ல் வந்த அபராதம் 4.86 கோடி பவுண்டு. அடுத்த ஆண்டு, வங்கியின் கணிப்பொறித் துறைத் தலைவராக இருந்தவருக்கும் தனியாக 81,620 பவுண்டு அபராதம் விதித்தார்கள்.