நீல முட்டையும் அடைக்கோழியும்

போன மாசம் ஊருக்குப் போனப்போ அம்மாகிட்ட செல்போன்ல ஒரு படத்தைக் காட்டினேன். ஒரே அட்டைப்பெட்டியில பன்னிரண்டு முட்டை. வெள்ளை, பழுப்பு, சாக்லேட் நிறம், நடுவுல நாலு மட்டும் வெளிர்நீலம். வெளிநாட்டுல கொல்லைப்புறத்துல ஆறேழு கோழி வளர்க்கிறவங்களுக்கு இப்படிப் பெட்டியை நிரப்புறது ஒரு தனி சந்தோஷம். எந்த இனம் என்ன நிறத்துல போடும், எது சாது, எது ஆளைக் கண்டா மிரண்டு வேலி தாண்டும்னு அட்டவணையே போட்டு வச்சிருக்காங்க. அம்மா படத்தை ரெண்டு நிமிஷம் பார்த்தாங்க. கேட்டது ஒரே கேள்வி.

"எல்லாம் சரிதான், அடைக்கு உக்காருமா?"

பொட்டி தட்டுற பயலுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? சரி பார்த்துடுவோம்னு தேட ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் ராத்திரித் தூக்கம் போச்சு. கோழிக்குள்ள இவ்வளவு சரித்திரம் இருக்கும்னு சத்தியமா நினைக்கலை மக்களே.

முதல்ல இந்த வெள்ளை - பழுப்பு விவகாரம். 1842ல நான்கிங் உடன்படிக்கைக்கு அப்புறம் சீனத் துறைமுகங்கள் பிரிட்டிஷ்காரங்களுக்குத் திறந்தன. தேயிலையோடயும் பட்டோடயும் பெரிய பெரிய கோழிகளும் கப்பல் ஏறின. கால் வரைக்கும் இறகு, பஞ்சு மூட்டை மாதிரி உடம்பு. விக்டோரியா ராணியோட கோழிப்பண்ணைக்கே இந்தக் கொச்சின் கோழிகள் போய்ச் சேர்ந்தன. அதைப் பார்த்த ஐரோப்பாக்காரங்களுக்கு ரெண்டு ஆச்சரியம். ஒண்ணு, பழுப்பு முட்டை. இன்னொண்ணு, அதோட குணம். குழந்தை தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டாலும் சும்மா இருக்கும். அடைக்கு உட்கார்ந்துச்சுன்னா கூழாங்கல்லை வச்சாலும் எழுந்திருக்காது.

அதுக்கப்புறம் அட்லாண்டிக்கோட ரெண்டு கரையிலயும் பிடிச்சது ஒரு பைத்தியம். 'கோழிக் காய்ச்சல்'னே அதுக்குப் பேரு. 1849 நவம்பர்ல பாஸ்டன் நகரத்துல அமெரிக்காவோட முதல் பெரிய கோழிக் கண்காட்சி நடந்துச்சு. ஜார்ஜ் பர்ன்ஹாம்னு ஒரு வியாபாரி 1852ல ராணிக்கே சாம்பல் நிற ஷாங்காய் கோழிகளைப் பரிசா அனுப்பி வச்சார். கோழி பரிசு, விளம்பரம் இலவசம்! கடைசியில 1855ல இந்தக் காய்ச்சலைக் கிண்டல் பண்ணி அவரே ஒரு புத்தகமும் எழுதினார். கோழியை வித்தும் காசு, அதை வாங்கினவனைக் கிண்டலடிச்சும் காசு. நம்ம ரியல் எஸ்டேட் ஆளுங்க இவர்கிட்ட டியூஷன் போகலாம்.

இன்னொரு பக்கம் இத்தாலியிலேர்ந்து லெக்ஹார்ன். லிவோர்னோங்கிற துறைமுகத்தோட ஆங்கிலப் பேருதான் லெக்ஹார்ன். ஒல்லி உடம்பு, வெள்ளை முட்டை, ஓயாம முட்டையிடும். ஆனா சுபாவம் படபடப்பு. கதவைத் திறந்தா போதும், பண்ணையே பறக்கும். அடைக்கு உட்காரவே உட்காராது.

சாதாரணமா ஒரு குடியானவன் வீட்டுல இது பெரிய குறை. அடைக்கு உட்காராத கோழியை வச்சுக்கிட்டு அடுத்த வருஷத்துக்குக் குஞ்சுக்கு எங்க போறது? அந்தக் குறையை குணமா மாத்தினது ஒரு மெஷின். 1879ல கலிபோர்னியாவோட பெட்டலூமாவுல லைமன் பைஸ், ஐசக் டயஸ்னு ரெண்டு பேர் சேர்ந்து நல்லா வேலை செய்யுற ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டியை உருவாக்கினாங்க. அடைகாக்கிற கோழி இருபத்தோரு நாள் முட்டையிடாது. அப்புறம் குஞ்சு வளர்க்கிற வாரங்களும் சேர்ந்து வீண். பெட்டி வந்த பிறகு அந்தத் தாய்மை பண்ணைக்காரனுக்கு வெறும் நஷ்டக் கணக்கு. லெக்ஹார்னும் பெட்டியும் சேர்ந்து பெட்டலூமாவை முட்டை ஊராவே மாத்திடுச்சு. நம்ம நாமக்கல் வெள்ளை முட்டையும் அந்த லெக்ஹார்ன் வம்சம்தான். அம்மாவோட கேள்விக்குப் பாதி பதில் எனக்கு இங்கயே கிடைச்சுது. அடைக்கு உட்காராத கோழி தானா வந்து சேரலை, அப்படித்தான் வேணும்னு தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்திருக்காங்க.

இப்படி ரெண்டு குடும்பமும் எதிரெதிரா நின்னதால பழுப்பு முட்டைன்னா சாது, வெள்ளை முட்டைன்னா மிரளும்னு ஒரு நம்பிக்கை வளர்ந்துச்சு. அட்டவணையைப் பார்த்தா பெரும்பாலும் பொருந்தவும் செய்யுது. ஆனா இங்கிலாந்தோட பழைய டார்க்கிங் கோழியைப் பாருங்க: சாதுவான கோழி, நல்லா அடைகாக்கும், முட்டை வெள்ளை. ஸ்பெயின்ல கட்டலோனியாவோட பெனெதெசென்காவைப் பாருங்க: முட்டை அடர் பழுப்பு, கோழியோ ஆளை அண்ட விடாது. ஓட்டோட நிறத்துக்கும் குணத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே கப்பல்ல வந்து இறங்கின சகவாசம், அவ்வளவுதான். (நம்ம கடையில பழுப்பு முட்டையை நாட்டுக்கோழி முட்டைன்னு கூடுதல் விலைக்கு விக்கிறாங்களே, அதுலயும் இதே குழப்பம்தான். பழுப்பு போடுற பண்ணைக் கலப்பினம் எத்தனையோ இருக்கு.)

இதை ஆய்வுக்கூடத்துல பிரிச்சுக் காட்டினது நீல முட்டைதான். அதுக்கு சிலி நாட்டுக்குப் போகணும்.

தெற்கு சிலியில மபூச்சே மக்கள் வாழுற அரௌக்கனியா பகுதியில நீல முட்டைக் கோழிகள் இருந்தன. வால் இல்லாத கொயோன்கா ஒரு வகை. காதோரம் கம்மல் போட்ட மாதிரி இறகுக் குஞ்சம் வச்ச கெத்ரோ இன்னொரு வகை. ரூபன் பஸ்டோஸ்னு ஒரு சிலிக்காரர் 1880கள்ல ரெண்டையும் கலந்து வளர்த்தார். 1914ல ஸ்பெயின் நாட்டு கோழியியல் பேராசிரியர் சால்வடோர் காஸ்தெயோ அங்க போய் இதைப் பார்த்தார். அசந்துட்டார். 1921ல ஹேக் நகரத்துல நடந்த முதல் உலகக் கோழி மாநாட்டுல, இது புது உயிரினமே என்கிற அளவுக்கு 'கேலஸ் இனௌரிஸ்'னு லத்தீன்ல பேர் வச்சு அறிவிச்சார். அப்புறம்தான் தெரிஞ்சுது அது தனி உயிரினம் இல்லை, கலப்புன்னு. பாவம், அவரே திருத்திக்கிட்டார். ஆனா சேதி பரவிடுச்சே. 1927 ஏப்ரல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ்ல இந்தக் கோழியோட ஓவியம் வந்ததும் அமெரிக்காவுல ஆளாளுக்குத் தேட ஆரம்பிச்சாங்க.

அதே சமயத்துல கேம்பிரிட்ஜ்ல ரெஜினால்ட் பன்னெட். ஆமா, பிளஸ் டூ உயிரியல்ல கட்டம் கட்டமா போட்டு நம்மள வதைச்சாரே, அதே ஆளுதான். (நான் கணினி குரூப் எடுத்துத் தப்பிச்சேன்.) முதல் உலகப்போர்ல தீவனப் பஞ்சம் வந்தப்போ, பிறந்தவுடனே சேவல் குஞ்சைக் கண்டுபிடிச்சு ஒதுக்கிட்டா தீவனம் மிச்சமாகுமேன்னு யோசிச்சவர். அந்த யோசனையில, நிறத்தை வச்சே சேவல் பெட்டை தெரியுற இனங்களை மைக்கேல் பீஸ்னு இன்னொருத்தரோட சேர்ந்து உருவாக்கிட்டிருந்தார். லெக்ஹார்னும் வரிக்கோழியும் கலந்த லெக்பார் அப்படி வந்தது. கிளாரன்ஸ் எலியட்னு ஒரு தாவரவியல் ஆள் தென் அமெரிக்காவுக்குச் செடி தேடிப் போனவர், 1930 வாக்கில் சில நீல முட்டைப் பெட்டைகளையும் கூடவே கொண்டுவந்து குடுத்தார். பன்னெட் கலந்து பார்த்து 1933ல எழுதினது: நீலம் ஒரே ஒரு மரபணு, வெள்ளைக்கு மேல ஓங்கி நிக்கும். அந்த ஒத்தை மரபணு லெக்பாருக்குள்ள போய் கிரீம் லெக்பார்னு ஒரு இனம் ஆச்சு. 1947ல லண்டன் கண்காட்சியில வச்சாங்க. கோழி நீல முட்டை போட்டுச்சு. ஆனா குணம்? சிலியிலேர்ந்து அதெல்லாம் வரலை. துறுதுறுப்பு, அடைக்கு உட்கார மாட்டேங்கிறது, எல்லாம் பெரும்பாலும் லெக்ஹார்ன் தாத்தா சொத்து.

நம்ம பாஷையில சொன்னா, நிறம் கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி. குணம் பத்து வருஷமா பல பேர் கைவச்ச பழைய கோட்; ஒண்ணைத் தொட்டா ஒன்பது ஆடும்.

அந்த ஒரு வரி எப்படி வந்துச்சுங்கிறது இன்னும் வேடிக்கை. 2013ல கண்டுபிடிச்சாங்க: எப்பவோ ஒரு ரெட்ரோவைரஸ் கோழியோட மரபுத்தொடர்ல போய் ஒட்டிக்கிச்சு. அதனால பக்கத்து மரபணு முட்டையோடு உருவாகிற இடத்துல வேலை செய்ய ஆரம்பிச்சு, பித்தத்துல இருக்கிற பச்சைநீலச் சாயத்தை ஓட்டுக்குள்ள சேர்த்துடுது. அதான் நீல முட்டையை உடைச்சா உள்பக்கமும் நீலம். பழுப்போ மேல் பூச்சு. உடைச்சா உள்ள வெள்ளை. ரெண்டும் சேர்ந்தா பச்சை முட்டை. சீனாவோட டோங்ஷியாங், லூஷி கோழிகளும் நீல முட்டை போடுது, ஆனா அங்க அதே வைரஸ் வேற இடத்துல தனியா ஒட்டியிருக்கு.

நிறம் சுலபம்னு சொன்னேனா, அழகு அப்படி இல்லை. காது குஞ்சத்துக்கும் ஒரே மரபணுதான். ஆனா அப்பா அம்மா ரெண்டு பக்கத்திலேர்ந்தும் வந்துட்டா, குஞ்சு ஓட்டை உடைக்கிறதுக்குச் சில நாள் முன்னாடி உள்ளேயே செத்துடும். குஞ்சம் இருக்கிற ஜோடியில நாலு முட்டைக்கு ஒண்ணு. 1976ல அமெரிக்க கோழிச் சங்கம் வால் இல்லாததையும் குஞ்சம் வச்சதையும்தான் அரௌக்கானான்னு வரையறுத்தது. வாலோடவும் தாடியோடவும் குஞ்சமில்லாம இருக்கிற அமெரௌக்கானாவுக்கு 1984ல தனி அங்கீகாரம் குடுத்தாங்க. காதுல கம்மல் வேணும்னு பிடிவாதம் பிடிச்சவங்க கூட்டுல கூமுட்டை எண்ணிக்கிட்டிருந்தாங்கன்னு படிச்சப்போ எனக்கு என்னவோ பண்ணுச்சு.

குணத்தை மாத்தவே முடியாதான்னா முடியும், பொறுமை வேணும். சுவீடன்ல லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்துல பெர் ஜென்சன் குழு காட்டுக்கோழிகள்ல மனுஷனுக்குக் குறைச்சலா பயப்படுறதை மட்டும் தேர்ந்தெடுத்து, பத்து தலைமுறை வளர்த்துப் பார்த்தாங்க. சாதுவானதோட சேர்ந்து மூளையோட அளவும் உடம்புக்கு ஒப்பிட்டா சிறுசாச்சு. குணத்தைத் தொட்டா கூடவே எதெது வரும்னு பாருங்க.

இவ்வளவும் படிச்சு முடிச்சு அம்மாவுக்கு போன் போட்டேன். அரௌக்கானா சுமாரா உட்காருமாம், கிரீம் லெக்பார் பெரும்பாலும் உட்காராதாம்னு சொன்னேன். காரணத்தை விளக்க ஆரம்பிச்சேன். பெட்டலூமா பெட்டி வரைக்கும் கேட்டாங்க.

"பக்கத்து வீட்டு சிறுவிடை இப்பதான் அடைக்கு வந்திருக்கு. நீ அந்த நீல முட்டையை எங்கேயாவது வாங்கிட்டு வா. அதுக்கு அடியில வச்சா போச்சு"ன்னாங்க.

பஞ்சாரத்தைக் கூட மச்சுலேர்ந்து இறக்கிக் கழுவி வச்சாச்சாம்.