முறைமன்றமும் மொரப்பூரும்

பாண்டியர் தலைநகரின் அறங்கூறவையத்தை மதுரைக்காஞ்சி போற்றுகிறது. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி திருவாரூர் அரண்மனை வாயிலில் தொங்கியது என்பது வழிவழிக் கதை. இரண்டும் தலைநகரில் இருந்தன; முறை வேண்டியவர் அதுவரை நடந்தாக வேண்டும். அத்தொலைவை வகுப்பவர் யார் என்பதே நீதிமன்ற வரலாற்றின் முதற்கேள்வி.

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால், திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. 1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்களுக்கு வழிகோலின. மாவட்ட நீதிமன்றங்களின் ஆள்வரையை வகுக்கவும் மாற்றவும் 1873ஆம் ஆண்டின் உரிமையியல் நீதிமன்றச் சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்தது. குற்றவியலில் அதிகாரம் இருவரிடம் பிரிந்து நிற்கிறது. அமர்வுக் கோட்டங்களின் எல்லையை உயர் நீதிமன்றத்தைக் கலந்து மாநில அரசு மாற்றலாம். மன்றம் கூடும் ஊரை உயர் நீதிமன்றமே அறிவிக்கும். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் இம்முறை, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

அரூர் வட்டாரத்து மொரப்பூர், சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். இருப்புப்பாதை அதனைச் சேலத்தோடு இணைத்தது. 1965 அக்டோபர் 2 அன்று பிறந்த தருமபுரி மாவட்டத்துள் அது அடங்கியது. ஆயினும் மாவட்டத்தின் பெயரும் மன்றத்தின் ஊரும் ஒன்றாகவில்லை. தருமபுரிக் கோட்டத்தின் அமர்வு நீதிமன்றம் பல்லாண்டுகள் கிருஷ்ணகிரியில் இயங்கியது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று.

இத்தொலைவின் பொருளை அதே அரூர் வட்டாரத்தின் வாச்சாத்தி உணர்த்தியது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டையைத் தேடி அங்குச் சென்ற அரசுத் துறையினர், பழங்குடிப் பெண்களுக்கும் ஏனையோருக்கும் பெருங்கொடுமை இழைத்தனர். அம்மலையடிவாரத்துப் பெண்கள் சாட்சி சொல்ல நகரத்து மன்றங்களுக்கே செல்ல நேர்ந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது பத்தொன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் தண்டனை பெற்றனர்.

மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே வந்து ஊரைப் பார்வையிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்தார்.

நீதிபதி நிகழ்விடம் சென்று காணச் சட்டம் இடந்தருகிறது. கட்சிக்காரர், சாட்சிகளின் வசதி கருதி, இரு தரப்பும் இசைந்தால், அமர்வு நீதிமன்றம் வேற்றூரில் கூடவும் இடமுண்டு. எல்லையை அரசாணை வகுக்கலாம். அது தக்கதா என்பதைச் சாட்சி சொல்ல நடக்கும் ஏழையின் கால்களே அறியும்.