பெயர் போடாமல் எழுதியவர்கள்

2021 மே மாதம் ட்விட்டர் நீலக் குறிக்கான விண்ணப்பத்தைத் திரும்பத் திறந்தது. சுயாதீன ஊடகவியலாளர் என்றால், முந்தின 6 மாதத்துக்குள் சொந்தப் பெயரில் வந்த 3 ஆக்கங்களையாவது அப்போது காட்ட வேண்டியிருந்தது. அடையாள அட்டை, அலுவலக மின்னஞ்சல், நிறுவனத்தின் இணையப் பக்கம், இவற்றில் ஏதோ ஒன்றும் தேவைப்பட்டது. நியாயமான விதிதானே என்று தோன்றும். ஆனால் இதை வாசிக்கேக்க எங்களுக்கு சிவராம்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

1997இல் தொடங்கிய தமிழ்நெட் செய்திகளில் எழுதியவரின் பெயர் இருக்காது. ஊரில் இருந்து செய்தி அனுப்புகிறவர் உயிரோடு இருக்க வேணும், அதுதான் காரணம். அதன் ஆசிரியர்களில் ஒருவரான தர்மரத்தினம் சிவராம், ஆங்கிலப் பத்திரிகைகளில் 'தராக்கி' என்ற புனைபெயரில் எழுதினார். தராக்கி யார் என்பது பிறகு எல்லாருக்கும் தெரிந்துபோனது. 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டி பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் அவரைக் கடத்தினார்கள். அடுத்த நாள் நாடாளுமன்றத்துக்குக் கிட்ட உடல் கிடந்தது. இன்றுவரை ஒருத்தரும் தண்டிக்கப்படவில்லை.

பட்டியலில் பெயர் இருப்பது என்றால் என்னவென்று வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் தெரியும். 2007 ஜூன் 7 அதிகாலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியா, மட்டக்களப்புப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதே மாதம் தமிழ்நெட்டும் இலங்கையில் முடக்கப்பட்டது.

அதற்காக சரிபார்ப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2019இல் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு எவ்வளவு பொய்ச் செய்தி பரவியது! பொலிஸ் வெளியிட்ட சந்தேகநபர் படங்களிலேயே ஒன்று வேறொருவருடையது. அரச முத்திரையும் பிழைக்கும். 2022 நவம்பரில் மாதம் 8 டொலர் கட்டினவர்களுக்கெல்லாம் நீலக் குறி கிடைத்தபோது, போலிக் கணக்குகளும் அதை வாங்கிக்கொண்டன.

கணினி நிரல் பெயரையும் அட்டையையும் ஒப்பிடும். பெயரை மறைக்க வேண்டி வந்தவரை அது போலி என்றே எடுக்கும். அவரை நேரில் அறிந்த ஓர் ஆசிரியர் பொறுப்பெடுத்தால் அதையும் சான்றாக ஏற்க வேணும். கொடுத்த அட்டையின் பிரதி யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதையும் முதலே சொல்ல வேணும். இவை இல்லாத சரிபார்ப்பில், எங்கள் ஊடக வரலாற்றின் பாதிப்பேர் தேறமாட்டார்கள்.