முள்வேலிக்குள் நான்கு பெயர்கள்: மெனிக் பாம் முகாம்

ஆனந்த குமாரசுவாமியைச் சிவ நடனத்தின் தத்துவத்தை மேலைநாட்டார்க்கு எடுத்துரைத்த கலை அறிஞராகவே இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். 2009இல் வன்னியிலிருந்து வெளியேறிய ஈழத்தமிழர் பலருக்கு அப்பெயர் முள்வேலி சூழ்ந்த ஒரு முகாமின் பெயர். வவுனியா மாவட்டம் செட்டிகுளம் பகுதியில் காடு அழித்து அமைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம் பல வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி எனத் தமிழர்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டியிருந்தனர். அரசு அவற்றை 'நலன்புரிக் கிராமங்கள்' என்றது.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தபோது இடம்பெயர்ந்து முகாம்களை அடைந்தவர்கள் ஏறத்தாழ 2,80,000 பேர். அவர்களுள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மெனிக் பாமில் அடைக்கப்பட்டனர். அவர்கள் மீது வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தண்டனைக் காலம் என்று ஒன்றும் இல்லை. ஆயினும் இராணுவக் காவலைக் கடந்து வெளியே செல்லும் உரிமையும் இல்லை. கைதிக்கு விடுதலை நாள் என்று ஒன்று உண்டு. இவர்களுக்கு அதுவும் சொல்லப்படவில்லை என்பதே இம்முகாம் வாழ்வின் அடிப்படைத் துயரம்.

மேகமலையின் தேயிலைச் சரிவுகளையும் லயத்து வீடுகளையும் கண்டு பழகிய நம் கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு இதில் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. அங்கிருந்தவர்களுள் மலையகத் தமிழரும் பலர். தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள், 1977 கலவரத்துக்குப் பின் பாதுகாப்புத் தேடி வன்னியில் குடியேறியவர்கள். அவர்கள் தேடிச் சென்ற பாதுகாப்பு இறுதியில் முள்வேலியாக வந்து நின்றது.

முகாமின் நாள் வரிசையில் தொடங்கி வரிசையில் முடிந்தது. தண்ணீருக்கு, உணவுக்கு, மருத்துவரைக் காண்பதற்கு, கழிப்பறைக்கு என எல்லாவற்றுக்கும் வரிசை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது நிவாரணப் பணியாளர்கள் உலகெங்கும் கொள்ளும் குறைந்தபட்ச அளவு. தொடக்க மாதங்களில் மெனிக் பாமின் நெரிசல் இவ்வளவையும் மீறியது. ஐவர் தங்கும் கூடாரத்தில் இரண்டு, மூன்று குடும்பங்கள் இருந்தன. ஆகஸ்ட் மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அதே ஆகஸ்டில் முகாமின் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சையும் எழுதினார்கள். வெளியிலிருந்து வந்த உறவினர்கள் வேலிக்கு இப்புறம் நின்று, அப்புறம் நின்றவர்களோடு உரத்த குரலில் பேசித் திரும்பினார்கள்.

இனி அந்தப் பெயர்களுக்கு வருவோம். பொன்னம்பலம் அருணாசலம் இலங்கையின் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவர். மக்களை எண்ணுவதை ஓர் அறிவுத்துறையாக மதித்தவர். 2009 தொடக்கத்தில் போர்ப் பகுதியில் இருப்போர் 70,000 பேர் அளவில்தான் என்றது அரசு. வெளிவந்தவர்களோ அதைப் போல நான்கு மடங்கினர். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், அரச அலுவலகங்களின் எண்ணிக்கையை ஐ.நா.வின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்றார். அக்கேள்விக்கு இன்றுவரை நிறைவான விடை கிடைக்கவில்லை.

அருணாசலத்தின் தமையனார் பொன்னம்பலம் இராமநாதன். 1915இல், முதல் உலகப்போர்க் காலத்தில், கலவரத்தை ஒடுக்குவதாகச் சொல்லி ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிங்களத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். பின்னாளில் இலங்கையின் முதல் பிரதமரான டி.எஸ்.சேனநாயக்கவும் அவர்களுள் ஒருவர். அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவர், இலண்டன் வரை சென்று முறையிட்டவர் இராமநாதன். விசாரணையின்றி அடைபட்ட சிங்களவருக்காகப் பேசிய ஒரு தமிழரின் பெயரை, விசாரணையின்றி அடைபட்ட தமிழரின் முகாமுக்கு வைத்தவர்கள் வரலாற்றை அறியாமல் வைத்தார்களா, அறிந்தே வைத்தார்களா? எதுவாயினும் அப்பெயர் அவர்களுக்கு எதிரான சாட்சியாகவே நிற்கிறது.

2009 டிசம்பர் 1 முதல் வெளியே சென்றுவர அனுமதி கிடைத்தது. 2012 செப்டம்பர் இறுதியில் முகாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்களுள் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்களும் இருந்தனர். அவர்கள் ஊர் இராணுவத்தின் வசம் இருந்தமையால், சீனியாமோட்டை என்னும் வேறிடத்தில் கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். தம் நிலத்தைக் கேட்டு 2017இலும் அவர்கள் தெருவில் அமர்ந்திருந்தார்கள். முகாம் மூடப்பட்டது என்பதும் மக்கள் வீடு திரும்பினர் என்பதும் ஒன்றல்ல.

இறுதிப்போரைப் பற்றித் தமிழில் நாவல்களும் கவிதைகளும் வந்துள்ளன. ஆனால் போருக்குப் பிந்திய அந்த வரிசைகளின் வரலாறு, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரக் காத்திருப்பு, யார் பெயர் எந்தப் பட்டியலில் என்ற விவரங்களோடு, இன்னும் முழுமையாக எழுதப்படவேண்டும். பெரிய சோகங்களை எவரேனும் நினைவில் வைத்திருப்பர். சிறிய விவரங்கள் அவற்றை அனுபவித்தவர்களோடு மறைந்துவிடும். அங்கிருந்து மீண்டவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் காலம் இன்னும் முற்றாகக் கடந்துவிடவில்லை.