சிவப்பு மணிக்கு யார் பொறுப்பு?

1950 ஜூலை. டோக்கியோவில் ஜப்பானின் பெருந்தொழிலதிபர்கள் 21 பேர் ஓர் இரவு விருந்துக்குக் கூடினார்கள். அழைத்தவர் கெய்தான்ரென் தொழில் கூட்டமைப்பின் தலைவர் இச்சிரோ இஷிகாவா. போரில் நொறுங்கிய நாடு. ஜப்பான் சரக்கு என்றாலே மட்டம் என்று உலகம் கேலி பேசிய காலம். அவர்களிடம் பேச வந்திருந்தவர் அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங்.

முதலாளிகளே நேரில் வர வேண்டும் என்று அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. வால்டர் ஷூஹார்ட் வகுத்த தரக் கட்டுப்பாட்டு முறையைப் போர்க்காலத்தில் அமெரிக்கப் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் படித்தார்கள். போர் முடிந்ததும் நிர்வாகங்கள் அதை மூட்டைகட்டி வைத்துவிட்டன. அதே கதை ஜப்பானிலும் நடக்க அவர் விடவில்லை.

டெமிங் சொல்ல வந்ததைப் புரிந்துகொள்ள, பிற்காலத்தில் தன் கருத்தரங்குகளில் அவர் நடத்திய ஒரு விளையாட்டைப் பார்த்தால் போதும். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகள், 800 சிவப்பு மணிகள். கூட்டத்திலிருந்து ஆறு பேர் 'தொழிலாளி'களாக மேடையேறுவார்கள். 50 குழிகள் உள்ள கரண்டியைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும்; குழிகளில் உட்கார்ந்து வருவதுதான் அன்றைய உற்பத்தி. சிவப்பு வந்தால் ரிஜெக்ட்! எண்ணிக் குறித்துக்கொள்ள இன்ஸ்பெக்டர்கள். ஃபோர்மேன் வேடம் டெமிங்குக்கு. சிவப்பு குறைந்தவருக்குப் பாராட்டு, கூடியவருக்கு அர்ச்சனை. நேற்று பாராட்டு வாங்கியவர் இன்று திட்டு வாங்குவார். கடைசியில் மூன்று பேருக்கு வேலை போகும். மீதி மூன்று பேர் இரண்டு ஷிஃப்ட் பார்ப்பார்கள். அப்போதும் சிவப்பு பத்துக்குப் பக்கத்திலேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

பெட்டியை நிரப்பியது தொழிலாளியா என்ன? கோளாறுகளில் 94 விழுக்காடு அமைப்பைச் சேர்ந்தவை, அதற்கு நிர்வாகமே பொறுப்பு என்பது டெமிங்கின் கணிப்பு.

தன் ஜப்பான் சொற்பொழிவு நூலுக்கான ராயல்டியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பணத்தில்தான் 1951-இல் தரத்துக்கான டெமிங் பரிசு பிறந்தது. சொந்த நாட்டில் அவர் பெயர் பரவியது 1980-இல், ஜப்பானால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை என்று என்.பி.சி. தொலைக்காட்சி கேட்ட பிறகுதான். அப்போது அவருக்கு வயது 79! நட்டத்தில் தத்தளித்த ஃபோர்டு அவரைத் தேடி வந்தது. கார்களைப் பற்றிக் கேட்கக் காத்திருந்தவர்களிடம் அவர் பேசியதோ நிர்வாகத்தைப் பற்றி.

சென்னை பாடிக்கும் அந்தப் பரிசு வந்தது. 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு அதை வென்றது. இந்திய நிறுவனம் ஒன்று டெமிங் பரிசு பெற்றது அதுவே முதல்முறை. 2002-இல் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கியது.

ஆண்டுதோறும் ஊழியருக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்தும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னவரும் டெமிங்தான். தரக் கட்டுப்பாட்டு வரைபடங்களைச் சுவரில் மாட்டிக்கொண்ட நிர்வாகங்கள்கூட, அப்ரைசலை மட்டும் விடுவதாக இல்லை.

(தொடரும்)