சுவரின் மேலாடையும் வீட்டின் விலையும்

கல்லாலும் செங்கல்லாலும் சுவர் எழுப்பிப் பழகியவர்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சாதாரணக் குடியிருப்பு வீடு சற்றுப் புதுமையாகவே தோன்றும். அங்குள்ள வீடுகளிற் பெரும்பாலானவை மரச்சட்டங்களால் ஆனவை. அச்சட்டங்களை மழையும் பனியும் வெயிலும் தாக்காவண்ணம் வெளிப்புறத்தே ஒரு போர்வை மூடி நிற்கும். அதனை அந்நாட்டார் 'சைடிங்' என்பர். வீட்டின் பாரத்தைத் தாங்குவது அதுவன்று. ஆயினும் வீட்டை வாங்க வருபவர் வீதியில் நின்று முதலிற் காண்பது அதனையே. ஆதலின், பழைய போர்வையைக் களைந்து புதியதைப் போர்த்தினால் செலவிட்ட பணம் விற்பனை விலையில் மீளுமா என்னும் வினா அங்கு நெடுநாளாக எழுந்துவருகின்றது. ஒரு குடும்பத்தின் வாழ்நாட் சேமிப்பு முழுவதும் அநேகமாக அதன் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பதால், இதனை அழகுணர்ச்சி பற்றிய வினா என்று மட்டும் தள்ளிவிட இயலாது.

தொடக்ககாலப் போர்வை மரப்பலகையே. மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் டெடம் நகரில் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பெற்ற பெயர்பாங்ஸ் இல்லம் இன்றும் நிற்கின்றது. அங்கு எஞ்சியுள்ள மரச்சட்ட வீடுகளுள் அதுவே மிகப் பழையது. மேற்பலகையின் கீழ்விளிம்பு கீழ்ப்பலகையின் மேல்விளிம்பை மூடுமாறு, மீனின் செதில்போல அடுக்கப்பட்டமையால் மழைநீர் உள்ளே புகாது வழிந்தோடியது. ஆனால், போர்வை வெறும் காப்பாக மட்டும் நெடுங்காலம் இருக்கவில்லை. வேர்ஜினியாவிலுள்ள மவுண்ட் வேர்ணன் மாளிகையை 1750களின் இறுதியிற் பெருப்பித்த ஜோர்ஜ் வாஷிங்டன், மரப்பலகைகளைச் செதுக்கிய கற்களின் வடிவில் வெட்டுவித்து, ஈரம் உலராத வர்ணத்தின்மீது மணலைத் தூவச் செய்தார். தூரத்தில் நின்று நோக்குவோருக்கு அது கல் மாளிகையாகவே காட்சியளித்தது. பிற்காலத்தில் குடியரசின் முதல் தலைவராகப் போகின்றவரும் அயலார் கண்ணுக்குத் தம் வீடு எவ்வாறு தோன்றும் என்று எண்ணிப் பார்த்தவரே!

மரத்தின் குறை வர்ணத்தில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுரண்டிப் பூசாவிடின் பலகை உக்கத் தொடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கல்நார் கலந்த சீமெந்துத் தகடுகள் சந்தைக்கு வந்தபோது மக்கள் அவற்றை விரும்பி ஏற்றமைக்கு இதுவே காரணம். தீப்பற்றாது, கறையான் அரிக்காது, வர்ணச் செலவும் குறைவு. அத்தகடு பதித்த வீடு அக்காலத்தில் மதிப்புக் கூடியதாகவே கருதப்பட்டது.

பெருமந்த காலத்திலே நிலைமை வேறொரு திசையிற் திரும்பியது. 1934ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டம், வீட்டைத் திருத்துவதற்காக வங்கிகள் வழங்கும் சிறுகடன்களுக்கு அரசாங்கக் காப்புறுதி அளித்தது. வேலையிழந்த தச்சருக்கும் கொத்தருக்கும் தொழில் கிடைக்கவேண்டும் என்பது அதன் நன்னோக்கம். ஆயின் கடன் மீளாவிடினும் அரசாங்கம் ஈடுசெய்யும் என்ற துணிவில், வேலையின் தரத்தையோ விலையின் நியாயத்தையோ ஆராய்வதில் பல வங்கிகள் அக்கறை காட்டவில்லை. அந்த இடைவெளியிலே வீடுவீடாகச் சென்று போர்வை விற்கும் முகவர்கள் பெருகினர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அலுமினியப் போர்வை அவர்கள் கைக்குக் கிடைத்தது. 1940களின் இறுதி முதல், சூளையிற் சுட்டு இறுக்கிய வர்ணம் பூசிய அலுமினியத் தகடுகள் மலிந்தன. இனி வாழ்நாளில் வர்ணமே பூசவேண்டியதில்லை என்பது முகவரின் முதல் வாக்கு. வீட்டின் விலை உடனே உயரும் என்பது இரண்டாவது. இவற்றிலும் வலிமை வாய்ந்த உபாயம் ஒன்று அவர்களிடம் இருந்தது. "உங்கள் வீட்டை இப்பகுதியின் மாதிரி வீடாகத் தெரிந்தெடுத்திருக்கிறோம், இதனைப் பார்த்து அயலவர் வாங்கும் ஒவ்வொரு போர்வைக்கும் உங்களுக்குத் தரகுப்பணம் வரும், கடன் தானாகவே தீர்ந்துவிடும்" என்பர். வீட்டுக்காரர் மகிழ்ந்து கையொப்பமிடுவார். அடுத்த தெருவிலும் அதே வார்த்தை சொல்லப்படும். தரகுப்பணம் வாராது, கடன் மட்டும் மாதந்தோறும் வரும். இவ்வகைப் புரட்டுகள் 1954இல் அமெரிக்க மூதவையின் விசாரணைக்கு உள்ளாயின. அவ்வாண்டிலேயே சட்டம் இறுக்கப்பட்டு, கடன் நட்டத்தில் ஒரு பங்கை வங்கியும் ஏற்கவேண்டும் என விதிக்கப்பட்டது. எனினும் முகவர்களின் பேச்சுவன்மை அத்துடன் அழிந்துவிடவில்லை. 1963ஆம் ஆண்டின் பால்ரிமோர் நகரத்து அலுமினிய முகவர்களைப் பாத்திரங்களாக வைத்து 1987இல் ஒரு திரைப்படமே வெளிவந்தது.

பால்ரிமோரின் கதை தனியே சொல்லத்தக்கது. அந்நகரத்துத் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகள் செங்கல்லாலானவை. அவற்றிற் பலவற்றின் கல் மென்மையானது, நீரை உறிஞ்சும், அடிக்கடி வர்ணம் வேண்டும். 1937இல் ஆக்கவுரிமை பெற்ற 'போம்ஸ்ரோன்' என்னும் பூச்சு அங்கு வந்தது. கம்பிவலையைச் சுவரில் ஆணியடித்து, அதன்மேல் நிறமூட்டிய சீமெந்தைப் பல படைகளாகப் பூசி, கற்களை அடுக்கியதுபோலக் கோடு கீறுவர். ஓர் ஆலைத் தொழிலாளி தன் வீட்டு முகப்பைப் பார்த்து, கல்வீட்டுக்காரனானேன் என்று பெருமைப்பட அது இடமளித்தது. பக்கத்து வீட்டார் பூசியபின் தாம் மட்டும் பூசாதிருந்தால் தம் வீட்டின் விலை தாழுமோ என்ற அச்சமும் தெருத்தெருவாக அதனைப் பரப்பிற்று.

1970களில் பழைய வரிசை வீடுகளை நாடி வேறொரு வகுப்பினர் வந்தனர். அவர்கள் தேடியதோ பழைய செங்கல்லை. முன்னையவர் கடன்பட்டுப் பூசியதைப் பின்னையவர் கூலிகொடுத்துப் பெயர்த்தனர். ஆணி துளைத்த பொருத்துகளை மீண்டும் சாந்திட்டு அடைக்கவேண்டியிருந்ததால் பெயர்ப்பதும் மலிவாக முடியவில்லை. விலையை உயர்த்தும் என்று வாங்கிய பொருளே, விலை பேசும்போது கழித்துக்கொள்ளவேண்டிய செலவாகிவிட்டது.

போர்வையின் அடியில் இருப்பது யாது என்னும் ஐயமும் அக்காலத்திலேயே வலுத்தது. தேசியப் பூங்காச் சேவை 1979இல் வெளியிட்ட சிறு நூலொன்று, வரலாற்றுப் பெறுமதியுள்ள வீடுகளை அலுமினியத்தாலும் வினைல் என்னும் பிளாஸ்ரிக்காலும் மூடுவதைக் குறித்து எச்சரித்தது. போர்வை ஈரத்தைத் தடுத்து வைக்கும்; உக்கலையும் கறையானையும் கண்ணுக்கு மறைக்கும் என்பது அதன் வாதம். கல்நாரின் நுண்ணிய இழை நுரையீரலுக்குக் கேடு என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தபின், ஒரு காலத்தில் விலையைக் கூட்டிய அத்தகடுகளே வாங்குவோர் தயங்கும் பொருளாயின. உடையாத தகடு பெரும் ஆபத்தன்று. அதனைப் பெயர்க்கும் வேலையே ஆபத்தும் செலவும் மிக்கது. ஆகவே பலர் அதனை அகற்றாது, அதன்மேலேயே வினைலைப் போர்த்தினர். வீட்டு வர்ணத்தில் ஈயம் கலப்பது 1978இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீட்டை விற்பவர், ஈய வர்ணம் இருப்பதாகத் தாம் அறிந்திருப்பின் அதனை வாங்குபவருக்கு அறிவிக்கவேண்டும் என்ற விதி 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. மறைப்பதற்கென்று போர்த்திய போர்வைக்கு அவ்விதியின்பின் முன்னைய பயன் இல்லை.

1990களிலே புதிய வீடுகளில் மரத்தை முந்தி வினைல் முதலிடம் பெற்றது. அதே ஆண்டுகளில், கல்நாருக்குப் பதிலாக மரநார் கலந்த சீமெந்துப் பலகை அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து பரவிற்று. இனி, பணம் மீளுமா என்ற வினாவுக்கு எண்ணால் விடைகூறும் முயற்சியைக் காண்போம். 'றீமொடலிங்' என்னும் கட்டிடத் தொழிற் சஞ்சிகை 1988இல் தொடங்கிய கணிப்பு, ஒவ்வொரு திருத்த வேலையின் செலவையும், அதனால் உயரும் விலை பற்றி வீட்டுத் தரகர் கூறும் மதிப்பையும் ஒப்பிடுவது. 2024ஆம் ஆண்டின் கணிப்பின்படி நார்ச்சீமெந்துப் போர்வைக்குச் செலவில் நூற்றுக்கு 88 வீதமும், வினைலுக்கு 80 வீதமும் மீளுகின்றன. அதாவது, நார்ச்சீமெந்துக்கு 20,000 டொலர் செலவிட்டவர் ஏறக்குறைய 17,600 டொலரை எதிர்பார்க்கலாம். மிகுதி 2,400 டொலரும் அவருக்கு இழப்பே. ஆயினும் இவை தரகரின் மதிப்பீடுகளேயன்றி உண்மையில் நடந்த விற்பனைகளின் கணக்கல்ல என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். மேலும், உக்கிப்போன சுவருடன் வீட்டை விற்க முனைபவருக்கு நேரும் இழப்பு இக்கணக்கில் இல்லை. வாங்குபவர் போர்வையின் விலையை மட்டும் கழிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத சேதம் இன்னும் எவ்வளவோ என்று அஞ்சி அதற்கும் சேர்த்தே கழிப்பர். நல்ல நிலையிலுள்ள போர்வையை விற்பனைக்காகவே மாற்றுபவர் பணத்தை இழக்கின்றார். கெட்டுப்போனதை மாற்றுபவர் வாங்குபவரை இழக்காது காக்கின்றார். இவ்விருவரையும் ஒரே வீதத்தால் அளப்பது பொருந்தாது.

அதே 2024ஆம் ஆண்டுக் கணிப்பில் செலவையும் மிஞ்சிப் பணம் தரும் போர்வை ஒன்றும் இடம்பெற்றது. வீட்டு முகப்பின் கீழ்ப்பகுதியில் ஒட்டும் செயற்கைக் கல் அது. நூற்றுக்கு 153 வீதம் மீளும் எனத் தரகர்கள் மதித்தனர். அதுவும் பெரும்பாலும் நிறமூட்டிய சீமெந்தால் வார்க்கப்படுவதே.