நகரும் இராப்போசனம்

பாரிஸ் நகரிலும் இலண்டன் மாநகரிலும் இரவு வேளைகளில் ஒருவகை இரட்டைத்தட்டு பஸ் வண்டி ஓடுவதுண்டு. அதன் மேற்றட்டின் கூரை கண்ணாடியாலானது. கீழ்த்தட்டிலே சிறியதொரு சமையற்கூடம். மேலே உணவு மேசைகள். வண்டி குலுங்கினாலும் கிண்ணம் சாயாதிருக்க மேசைகளிலே தாங்கிகள் பொருத்தப்பட்டிருக்கும். பயணிகள் இராப்போசனம் அருந்திக்கொண்டே ஆற்றங்கரையையும் கோபுரங்களையும் மாளிகைகளையும் விளக்கொளியிற் கண்டு, புறப்பட்ட இடத்திலேயே வந்திறங்குவர். எங்கும் போய்ச் சேராத பயணம் அது.

இத்தகைய வண்டியைப் பற்றிக் கேள்வியுறும் கொழும்புவாசி ஒருவர் முதலிற் சிரிக்கவே செய்வார். காலி வீதி நெரிசலில் வண்டி நின்று நின்று நகரும்போது ரசம் எங்ஙனம் கிண்ணத்தில் நிற்கும் என்பதே அவருடைய முதற் கேள்வியாக இருக்கும். நியாயமான கேள்விதான். ஆயினும் இரவும், ஊர்தியும், உணவும் ஒருங்கே சேர்வது கொழும்புக்குப் புதிதன்று. அந்தச் சேர்க்கைக்கு இந்நகரிலே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே மகிழ்ந்து நினைக்கும் பக்கங்களும் உள. மறைத்துவிடலாகாத பக்கங்களும் உள.

முதலிலே ஆடிவேல் விழாவைக் குறிப்பிடுதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாந்திபேதி நோய்க்கு அஞ்சிய அரசாங்கம் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்தது. கதிர்காமம் செல்ல இயலாத குறையைத் தீர்க்கவே கொழும்பு வாழ் நாட்டுக்கோட்டை நகரத்தார் இவ்விழாவைத் தலைநகரில் நடத்தத் தொடங்கினர் என்பர். கொட்டாஞ்சேனையின் ஓரத்திலே, புறக்கோட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும் செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலிலிருந்து வெள்ளித்தேர் புறப்படும். கோட்டையைக் கடந்து, காலிமுகத்திடலிற் கடற்காற்று வாங்கி, கொள்ளுப்பிட்டி வழியாகப் பம்பலப்பிட்டியை அடையும். அங்கிருந்து வெள்ளவத்தை கூப்பிடு தூரந்தான்.

தேர் ஊர்ந்து சென்ற வேகத்தைச் சொல்லாமல் விடுதல் கூடாது. மோட்டார் வண்டி அரைமணி நேரத்திற் கடக்கும் வழியைத் தேர் ஒரு நாள் முழுதும் எடுத்துக்கொண்டு கடக்கும். அதனாலேயே வழிநெடுகிலும் உணவு உண்டாயிற்று. தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்த்தனர். கடலை, பொரி, கரும்பு, பனங்கட்டி என்பன தெருவோரத்தை நிறைத்தன. தமிழர் மட்டுமன்றிச் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றனர். விளக்கொளியில் ஊர்ந்து வரும் அழகிய வண்டி ஒன்றைக் காண்பது, கண்டுகொண்டே உண்பது என்ற இரண்டும் அங்கே நிறைவேறின. ஒரு வேறுபாடு உண்டு. வண்டியில் வீற்றிருந்தவர் இறைவன். உண்டவர்கள் வீதியில் நின்றவர்கள். இந்த ஏற்பாட்டுக்குக் கட்டணச் சீட்டுத் தேவைப்படவில்லை.

வண்டிக்குள்ளேயே அமர்ந்து உண்ணும் வழக்கத்தைப் புகையிரதமே உலகுக்குப் பழக்கியது. அமெரிக்காவிலே புல்மன் என்பவர் 1868ஆம் ஆண்டில் உணவுக்கென்றே அமைந்த பெட்டி ஒன்றைத் தண்டவாளத்தில் ஓடவிட்டார். நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற உணவுச்சாலையொன்றின் பெயரால் அதற்கு டெல்மோனிக்கோ என்று பெயரிட்டார். இங்கிலாந்திலே 1879இல் லீட்சுக்கும் இலண்டனுக்கும் இடையே உணவுப் பெட்டி ஓடியது. இலங்கையிலும் தூரப் புகையிரதங்களிலே சிற்றுண்டிப் பெட்டிகள் இணைக்கப்பட்டன. வடபகுதிப் பாதை 1905ஆம் ஆண்டிற் காங்கேசன்துறை வரை நிறைவுற்றபின், கொழும்பிலிருந்து இரவிற் புறப்படும் யாழ்ப்பாணத் தபால் வண்டி தமிழ்க் குடும்பங்களின் வாழ்வோடு பிணைந்துவிட்டது.

ஆனால், அவ்வண்டியிற் சென்றோருள் பெரும்பாலோர் கத்தியும் முள்ளுங் கொண்டு உண்டவர்கள் அல்லர். அவர்கள் மடியில் இருந்தது கட்டுச்சோறு. வாழையிலையை வாட்டி, அதில் இடியப்பமோ புட்டோ புளிச்சாதமோ வைத்துக் கட்டுவர். வண்டி இருளைக் கிழித்துக்கொண்டு போகையிலே ஒருவர் பொதியை அவிழ்த்தால், அதன் மணம் பெட்டி முழுதும் பரவும். அடுத்த ஆசனத்தில் இருப்பவருக்கும் ஒரு கவளம் நீட்டாமல் உண்பது மரியாதையன்று. நீட்டப்பட்டவரும் ஒருமுறை வேண்டாமென்று மறுத்த பின்னரே ஏற்றுக்கொள்வார். சமையற்கூடம் இணைத்த பெட்டியைக் காட்டிலும் இந்த வழக்கமே நாகரிகத்தில் மேம்பட்டதென்று கொள்வதில் தவறில்லை.

நகருக்குள்ளே இரவுப் பயணத்தைத் தந்தது டிராம் வண்டி. அது 1899இல் ஓடத் தொடங்கியது. அதை நடத்திய கம்பனியின் பெயரிலேயே மின்சார விளக்கும் இடம்பெற்றிருந்தது. வண்டியை ஓட்டியதும் விளக்கை ஏற்றியதும் ஒரே கையே என்க. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாசுக்கும், மற்றொன்று மருதானை வழியே பொரளைக்குஞ் சென்றன. ஆகவே டிராமின் பயனை அனுபவித்தவர் வடகொழும்பார். வெள்ளவத்தைக்கு அது எட்டவேயில்லை. வெள்ளவத்தையாருக்குக் கடலோரப் புகையிரதமும், பின்னர் பஸ் வண்டிகளுமே கதி. 1929இல் நடந்த டிராம் வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றிற் பெரியதொரு நிகழ்ச்சி. அது தனியே பேசத்தக்கது. 1953இல் துரொலி பஸ் வந்தது. டிராம் 1960இலும் துரொலி பஸ் 1964இலும் மறைந்தன.

1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் யாவும் தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலண்டன் தெருக்களில் ஓடிக் களைத்த இரட்டைத்தட்டு வண்டிகள் பலவற்றைச் சபை வாங்கிக் கொழும்பில் ஓடவிட்டது. அவற்றின் மேற்றட்டில் முன் ஆசனம் பிடிக்கச் சிறுவர்கள் போட்டியிடுவர். அங்கிருந்து காலி வீதியை நோக்கினால், ஒவ்வொரு குறுக்குத் தெருவின் முடிவிலும் ஒரு கீற்றுக் கடல் தோன்றி மறையும். இரவிலே மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள் தெரியும். வெள்ளவத்தை சவோய் படமாளிகையில் இரண்டாங் காட்சி பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்போர் கையிலே செய்தித்தாளிற் சுருட்டிய கடலை இருக்கும். காலிமுகத்திடலில் ஏறுவோர் இறால் வடையோடு ஏறுவர். கண்டக்டர் முகஞ் சுளித்தாலும் வாயிலும் ஒன்று போட்டுக்கொள்வார். உல்லாசப் பயணம் என்று எவரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பத்துச் சதத்துக்கும் இருபது சதத்துக்கும் நகரம் முழுவதையும் மேலிருந்து காணக் கிடைத்ததை வேறெப்படி அழைப்பது?

ஆனால், பஸ் வண்டிகள் நாட்டுக்குச் சொந்தமான அதே 1958ஆம் ஆண்டின் மே மாதத்திலே இனக்கலவரம் வெடித்தது. கொழும்புத் தமிழர் அகதி முகாம்களில் அடைக்கலம் புகுந்து, கப்பலேறி வடக்கே போயினர். ஊரடங்குச் சட்டம் என்ற சொல் வீட்டுப் பேச்சிலே நுழைந்தது. இரவு என்பது வெளியே செல்லும் நேரமாயிருந்த நிலை மாறி, கதவைத் தாழிடும் நேரமாயிற்று.

1970களின் முற்பகுதியிலே வேறொரு நெருக்கடி வந்தது. அரிசித் தட்டுப்பாட்டால், அளவுக்கு மேல் அரிசி கொண்டு செல்வது தடுக்கப்பட்டது. வீதித் தடைகளிலே பஸ் வண்டிகளை மறித்துப் பயணிகளின் பைகளைத் துழாவினர். ஊரிலிருந்து பிள்ளைக்கென்று கொண்டுவந்த நாலு கொத்து அரிசியை ஆசனத்தின் கீழே மறைத்துக்கொண்டு, உயிரைக் கையிற் பிடித்தபடி இருந்த தாய்மாரை அக்காலத்தவர் மறந்திரார். ஓடும் வண்டியில் உணவு ஒரு குற்றப்பொருளாகிய காலம் அது.

1983 ஜூலை 24ஆந் திகதி இரவு பொரளையில் மூண்ட தீ, மறுநாள் நகரெங்கும் பரவியது. வெள்ளவத்தையின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. கொட்டாஞ்சேனையும் தப்பவில்லை. வண்டிகளை நிறுத்தி, உள்ளிருப்போர் யாரெனக் கேட்டு, தமிழரை இறக்கினர். பலர் திரும்பி வரவேயில்லை. தேர் ஊர்ந்த அதே காலி வீதி அது. அதன்பின் சில ஆண்டுகள் வேல் விழாத் தேரும் பழைய கோலாகலத்தோடு வெளிவரவில்லை. சைவக் கடைகளுள் சில மீண்டும் திறந்தன. சில முதலாளிகள் கடல் கடந்து போயினர்.

பின்வந்த போர்க்காலத்தில் அச்சம் ஒரு சாராருக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. 1996 ஜூலை 24ஆந் திகதி மாலை, வெள்ளவத்தைக்கு அடுத்த தெஹிவளையிலே புகையிரதத்தில் வெடித்த குண்டுகளுக்கு, வேலை முடிந்து வீடு திரும்பிய அறுபதுக்கு மேற்பட்டோர் பலியாயினர். கணவன் ஒரு பஸ்ஸிலும் மனைவி அடுத்த பஸ்ஸிலுமாகப் பிரிந்து பயணஞ் செய்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன. ஒருவராவது பிள்ளைகளிடம் திரும்ப வேண்டும் என்பதே காரணம். கையிலிருந்த சோற்றுப் பொதியையும் சோதனைச் சாவடியில் அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. அடையாள அட்டை இல்லாமல் இரவுச் சாப்பாட்டுக்கு மூலைக்கடை வரையும் போக முடியாதென்பது தமிழரின் அன்றாட நிலையாயிற்று.

2007 ஜூன் 7ஆந் திகதி விடியுமுன் நிகழ்ந்ததை இவ்வரலாற்றிலிருந்து நீக்க இயலாது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் விடுதிகளுக்குள்ளே பொலிசார் நுழைந்தனர். வடக்குக் கிழக்கிலிருந்து வந்து, வைத்தியத்துக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ தொழிலுக்கோ தங்கியிருந்த தமிழரை எழுப்பினர். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்படுமாறு பணித்தனர். 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அந்த வண்டிகளுக்கும் ஜன்னல்கள் இருந்தன. வெளியே நகரின் விளக்குகளும் எரிந்தன. எங்கே போகின்றோம் என்பதை ஏறியவர்களுட் பலர் அறியார். மறுநாளே, பொது நல நிறுவனமொன்றின் மனுவை விசாரித்த உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்தைத் தடைசெய்து கட்டளையிட்டது. பிரதம மந்திரி வருத்தந் தெரிவித்தார். ஏற்றிச் சென்றவர்களுட் பலர் அதேபோன்ற பஸ்களிலே திருப்பிக் கொண்டுவரப்பட்டனர். நீதி இவ்வளவு விரைவாக வந்தது அரிது. ஆதலால் அதையுஞ் சேர்த்தே சொல்லுதல் முறை.

2009இல் போர் முடிந்தது. சாவடிகள் ஒவ்வொன்றாக நீங்கின. மேற்றட்டுத் திறந்த இரட்டைத்தட்டு பஸ்கள் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சுதந்திர சதுக்கம், காலிமுகத்திடல் என்று சுற்றிக் காட்டத் தொடங்கின. 2022இல் தாமரைக் கோபுரம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. சுழலும் உணவுச்சாலைக்கும் அதிலே இடம் அமைந்தது. நின்ற இடத்திலேயே ஓடும் பஸ் என்று அதனைச் சொல்லலாம். இடையிலே 2019 உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனை கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நட்சத்திர விடுதிகளின் காலை உணவு மண்டபங்களிலும் குண்டுகள் வெடித்தன. மீண்டும் ஊரடங்கு வந்தது. 2022இன் எரிபொருள் பஞ்சத்திலோ, முச்சக்கர வண்டிக்காரர் இரவு பகலாக வரிசையிற் காத்திருந்து, வண்டிக்குள்ளேயே பொதியை அவிழ்த்து உண்டு, அங்கேயே உறங்கினர். ஓடாத வண்டியில் உண்ட இராப்போசனம் அது.

கொழும்புத் தமிழருக்கென்று ஒரு சொகுசு இரவு பஸ் உண்டெனில், அது வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வண்டியே. 1990இல் வடக்கே நின்றுபோன புகையிரதம் 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. ஆயினும் குளிரூட்டிய பஸ்ஸுக்கு ஆதரவு குறையவில்லை. பொழுது சாய்ந்தபின் காலி வீதியோரத்திலே பயணப் பைகள் குவியும். பக்கத்துச் சைவக் கடையிலே இட்டலியும் இடியப்பமும் பொதியாகும். எதிர்க்கடையிலிருந்து கொத்துரொட்டித் தகடுகளின் தாளம் கேட்கும். பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பும் ஆச்சியிடம், “வழியிலே நிப்பாட்டுவினம், ஆனாலும் இதையுங் கொண்டு போங்கோ அம்மம்மா” என்று ஒரு பொதியைத் திணிப்பார்கள். வண்டி பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு, கடலை இடப்புறமாக வைத்துக் காலிமுகத்திடலைக் கடக்கும். வேல் விழாத் தேர் திரும்பி வரும் பாதையும் அதுவே. கொட்டாஞ்சேனையிலே இன்னுஞ் சிலர் பொதிகளோடு ஏறுவர். களனிப் பாலம் தாண்டியதும் உள்விளக்கு அணையும். அப்போதுதான் முதலாவது பொதி அவிழும். பக்கத்து ஆசனத்தை நோக்கி ஒரு கை நீளும்.